அயர்லாந்து கிராமத்து டாக்டர் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அலமாரியிலிருந்து அதிகம் இரவல் போகிறவை பேட்ரிக் டெய்லர் எழுதிய ‘ஐரிஷ் கன்ட்ரி டாக்டர்’ வரிசை நாவல்கள்தான். வாங்கிப் போகிறவர்கள் ஐம்பதாவது பக்கம் வந்ததும் போன் செய்வார்கள். ஆள் மாறுமே தவிரக் கேள்வி மாறாது. சொன்னதையே சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இனிமேல் புத்தகத்தோடு இதையும் கொடுத்தனுப்பலாம்.

கதை என்னன்னு முதல்ல நாலு வரில சொல்லுங்களேன்?

வருடம் 1964. வட அயர்லாந்தில் பாலிபக்கில்போ என்று ஒரு கிராமம். மருத்துவப் படிப்பு முடித்த பாரி லாவர்ட்டி என்ற இளைஞன், அங்கே பல வருடமாக வைத்தியம் பார்க்கும் ஃபிங்கல் ஓ’ரைலியிடம் உதவி டாக்டராக வந்து சேர்கிறான். பெரியவர் முரடர், படித்தவர், ஊரில் ஒவ்வொரு வீட்டு ரகசியமும் தெரிந்தவர். வீட்டைக் கட்டி ஆள்பவர் தெற்கே கார்க் பக்கத்திலிருந்து வந்த மிசஸ் கின்கெய்ட் என்ற அம்மாள்.

பாரி வந்து நிற்கும்போதே வாசல் கதவு திறக்கிறது, ஒரு ஆள் பறந்துபோய் ரோஜாச் செடிக்குள் விழுகிறான். அழுக்குக் காலைக் கழுவாமல் வைத்தியத்துக்கு வந்ததற்கு டாக்டர் கொடுத்த தண்டனை அது. இவரிடமா வேலைக்குச் சேரப்போகிறோம் என்று பையன் திகைப்பதிலிருந்து கதை ஆரம்பிக்கிறது.

அந்த ஊர் நிஜமா இருக்கா? மேப்ல தேடினேன், கிடைக்கலை.

கிடைக்காது. அது கற்பனை ஊர். ஆனால் அது இருப்பதாகச் சொல்லப்படும் டவுன் கவுண்டி, அதாவது நம் மாவட்டம் மாதிரி ஒன்று, நிஜம். இங்கே ‘டவுன்’ என்பதற்கு நகரம் என்று அர்த்தம் இல்லை. கோட்டையைக் குறிக்கும் ‘டூன்’ என்ற ஐரிஷ் சொல்லின் மரூஉ. ஆசிரியர் அந்தக் கவுண்டியின் பாங்கர் என்ற கடலோர ஊரில் பிறந்தவர், டாக்டராகவே வேலை பார்த்தவர், பிறகு கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். பிறந்த மண்ணைத் தூரத்திலிருந்து நினைத்து எழுதுகிற ஏக்கம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

பெயரில் வரும் ‘பாலி’ என்பது ‘பால்யா’ என்ற ஐரிஷ் சொல். நம் பட்டி, பாளையம் மாதிரி. ‘கில்’ என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் அங்கே ஒரு பழைய தேவாலயம் இருந்திருக்கும். இந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு அயர்லாந்து வரைபடத்தைப் பார்த்தால் பாதி ஊர்ப் பெயர்கள் வாய் திறக்கும்.

அயர்லாந்துன்னா அயர்லாந்துதானே, அதென்ன தனியா ‘வட’ அயர்லாந்து?

ஒரே தீவு, இரண்டு நாட்டு ஆட்சி. 1921ல் தீவைப் பிரித்தபோது வடக்கே ஆறு கவுண்டிகள் பிரிட்டனோடு தங்கின. மீதி 26 கவுண்டிகள் தனி நாடாகிப் பின்னால் குடியரசு ஆயின. டவுன், அந்த ஆறில் ஒன்று. வடக்கே பெரும்பான்மை புராட்டஸ்டண்டுகள். நானூறு வருடத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்களின் வாரிசுகள் பலர். சிறுபான்மை கத்தோலிக்கர்கள்.

நமக்கு இந்தப் பக்கம் அப்படி ஒன்றும் அந்நியம் இல்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1814ல் பிறந்தது பக்கத்துக் கவுண்டியான அன்ட்ரிமில், ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பத்தில். இடையன்குடியில் அவர் பேசிய ஆங்கிலத்தில் இந்தக் கதைகளின் வாடை கொஞ்சமாவது அடித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

1964 எல்லாம் சரித்திரமா? எங்கப்பா கல்யாணம் நடந்த வருஷம்ங்க அது!

நியாயமான கேள்வி. வால்டர் ஸ்காட் 1814ல் தன் முதல் சரித்திர நாவலுக்கு ‘அறுபது வருடத்துக்கு முன்’ என்று துணைத்தலைப்பு வைத்தார். அவர் பெயரில் இன்று கொடுக்கப்படும் சரித்திர நாவல் பரிசுக்கும் அதே அறுபது வருடம்தான் அளவுகோல். இந்த வரிசையின் முதல் நாவல் 2007ல் இந்தப் பெயரில் வந்தபோது 1964க்கு வயது 43. அப்போது தேறியிருக்காது. இப்போது தேறிவிடும்.

ஆனால் வருடக் கணக்கை விட வேறொன்று முக்கியம். 1964ல் அந்தக் கிராமத்து ஆட்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் வாசகருக்குத் தெரியும்: இன்னும் ஐந்து வருடத்தில் இந்த நாடு எரியப்போகிறது. 1968 அக்டோபரில் டெர்ரி நகரில் கத்தோலிக்கருக்குச் சம உரிமை கேட்ட சிவில் உரிமை ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. 1969 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ராணுவம் தெருவில் இறங்கியது. 1998ல் புனித வெள்ளி ஒப்பந்தம் என்ற சமாதான உடன்படிக்கை வருவதற்குள் 3,500 பேருக்கு மேல் செத்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு படித்தால், கத்தோலிக்கப் பாதிரியாரும் புராட்டஸ்டண்ட் போதகரும் சேர்ந்து சிரிக்கிற ஒரு சாதாரணக் காட்சி கூட வயிற்றைப் பிசையும். என்னைக் கேட்டால் இந்தக் கதைகளின் முழு ருசியே இங்கேதான் இருக்கிறது.

தினமும் காலைல டாக்டர் ‘சர்ஜரி’ பண்றாரே, கிராமத்துல அவ்வளவு ஆபரேஷனா?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று தோன்றும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ‘சர்ஜரி’ என்றால் டாக்டர் நோயாளிகளைப் பார்க்கும் அறை. அந்த நேரத்துக்கும் அதே பெயர். காலை சர்ஜரி என்றால் காலையில் பார்க்கும் நேரம், அவ்வளவுதான். கத்தி கிடையாது. டாக்டரின் வீட்டிலேயே முன்னறை சர்ஜரியாகவும் பக்கத்து அறை காத்திருக்கும் இடமாகவும் இருக்கும். பிற்பகலில் காரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்.

இதே மாதிரி இன்னும் சில சொற்கள் ஏமாற்றும். ‘ஹவுஸ்மேன்’ என்பவர் வேலைக்காரர் இல்லை, ஆஸ்பத்திரியில் முதல் வருடம் வேலை பார்க்கும் இளம் டாக்டர். ‘லோக்கம்’ என்றால் டாக்டர் ஊரில் இல்லாதபோது அவர் இடத்தில் உட்காருபவர். ‘சிஸ்டர்’ கன்னியாஸ்திரீயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வார்டுக்குப் பொறுப்பான மூத்த நர்ஸ். இதை மட்டும் யாரும் கேட்பதில்லை. நம் ஆஸ்பத்திரிகளிலும் அவர் சிஸ்டர்தானே.

பெல்ஃபாஸ்ட் பெரிய ஆஸ்பத்திரியில இருக்கிற சர்ஜனை எல்லாரும் ‘மிஸ்டர்’னு கூப்பிடறாங்க. அவர் போலி டாக்டரா?

இல்லை, அது மரியாதை. பழைய காலத்தில் ‘டாக்டர்’ பட்டம் பல்கலைக்கழகத்தில் படித்த மருத்துவருக்குத்தான். அறுவை வைத்தியர்கள் நாவிதர்களோடு ஒரே சங்கத்தில் இருந்து, குருவிடம் தொழில் கற்றவர்கள்; அவர்கள் வெறும் மிஸ்டர். பிறகு அவர்களும் பட்டம் படித்துப் பெரிய ஆட்களானார்கள், ஆனால் பழைய பெயரை விடவில்லை. மிஸ்டராக இருந்தவன் கஷ்டப்பட்டு டாக்டராகி, சர்ஜன் பரீட்சையும் எழுதித் தேறி, மறுபடி மிஸ்டர் ஆவான்.

யார்கிட்டயும் ஃபீஸே வாங்க மாட்டேங்கறாரே, தர்ம வைத்தியமா?

அரசாங்கம் கொடுக்கிறது. 1948 ஜூலை 5ம் தேதி பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை ஆரம்பித்த அன்றே வட அயர்லாந்திலும் அதே மாதிரி ஏற்பாடு வந்தது. ஊரார் தங்களுக்குப் பிடித்த டாக்டரின் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்வார்கள். பட்டியலில் இருக்கும் தலை ஒன்றுக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று டாக்டருக்கு அரசாங்கப் பணம் வரும், ஆள் வைத்தியத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும். அதனால்தான் ஓ’ரைலி ஒரு ஆளை ரோஜாச் செடியில் வீச முடிகிறது. ஒவ்வொரு தடவையும் கையில் காசு வாங்குகிற டாக்டர் அப்படி வீசுவாரா?

பரிசாக வாத்து முட்டையும் மீனும் கொண்டுவந்து கொடுப்பது வேறு கணக்கு. அது ஃபீஸ் இல்லை, பிரியம்.

இன்னும் பழைய காலத்துக் கதைகள்ல சிவப்பு டிக்கெட், கறுப்பு டிக்கெட்னு வருதே, அது என்ன?

1851ல் அயர்லாந்து முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்து, அதே அளவு ஆட்கள் கப்பலேறிப் போயிருந்த நேரம். நாட்டை வட்டம் வட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘டிஸ்பென்சரி டாக்டர்’ போட்டார்கள். ஏழை ஒருவர் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் ஊர்க் கமிட்டி ஆளிடம் போய் டிக்கெட் வாங்க வேண்டும். கறுப்பு டிக்கெட் என்றால் நீ டாக்டரிடம் போ. சிவப்பு என்றால் டாக்டர் உன் வீட்டுக்கு வருவார்.

டிக்கெட் கொடுப்பவர் பெரும்பாலும் நிலக்காரராகவோ கடைக்காரராகவோ இருப்பார். நடு ராத்திரியில் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி, நீங்கள் போய் அவர் கதவைத் தட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். டாக்டரைப் பிடிப்பதற்கு முன் இவரைப் பிடிக்க வேண்டும். வடக்கே 1948ல் இது ஒழிந்தது. தெற்கே 1972 வரை இழுத்தது.

டெஸ்ட் ஒண்ணுமே எடுக்காம, தட்டிப் பார்த்தே வியாதியைச் சொல்றார். கொஞ்சம் ஓவரா இல்ல?

இல்லை, அன்றைக்கு அதுதான் வைத்தியம். ஸ்கேன் கிடையாது. எக்ஸ்ரே உண்டு, ஆனால் ஊருக்குள் கிடையாது. கிராமத்து டாக்டரிடம் இருப்பது கண், காது, மூக்கு, பத்து விரல், சிறுநீர் சோதிக்கக் கொஞ்சம் ரசாயனம். நெஞ்சில் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டினால், காற்று இருக்கும் நுரையீரல் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் கொடுக்கும். நீர் கோத்திருந்தால் மந்தமாகக் கேட்கும். இதை 1761ல் எழுதிவைத்த ஆஸ்திரிய மருத்துவர் அவுன்புரூக்கரின் அப்பா சத்திரம் நடத்தியவர். ஒயின் பீப்பாயில் எவ்வளவு மிச்சம் என்று தட்டிப் பார்க்கும் வித்தையைப் பையன் மனிதர்கள் மேல் பிரயோகித்தான் என்பார்கள்.

இந்த விஷயத்தில் ஐரிஷ்காரர்களுக்குப் பெருமைப்பட உரிமை உண்டு. தோலுக்கு அடியில் மருந்து செலுத்தும் வெற்று ஊசியை 1844ல் முதலில் பயன்படுத்தியவர் டப்ளின் மீத் ஆஸ்பத்திரியின் ஃபிரான்சிஸ் ரிண்ட். இரண்டு காதிலும் மாட்டும் ஸ்டெதஸ்கோப்பை 1851ல் செய்து காட்டிய ஆர்தர் லியரெடும் அயர்லாந்துக்காரர்.

நெஞ்சு வலின்னு விழற ஆளுக்கு மார்ஃபின் போட்டுட்டுப் படுக்கச் சொல்றாங்க, அவ்வளவுதானா? கோபமா வருது.

1964ல் அவ்வளவுதான். வலி தணிக்க மார்ஃபின், வாரக் கணக்கில் படுக்கை. நெஞ்சு வலி வந்து சாகிறவர்களில் பெரும்பாலோர் முதல் சில மணி நேரத்தில், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் செத்தார்கள். ஆனால் நீங்கள் கோபப்படுகிற அதே இடத்தில், அடுத்த வருடமே ஒருவர் அதை மாற்றினார்.

ஃபிராங்க் பான்ட்ரிஜ். இதே டவுன் கவுண்டியில், ஹில்ஸ்பரோ பக்கத்தில் பிறந்தவர். பெல்ஃபாஸ்ட் ராயல் விக்டோரியா ஆஸ்பத்திரியின் இதய மருத்துவர். தாறுமாறாகத் துடித்து நின்றுபோகப் பார்க்கும் இதயத்துக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கும் இயந்திரம் ஆஸ்பத்திரிக்குள் அடைந்து கிடந்தது. நோயாளி வருவதற்குள் சாகிறான் என்றால் இயந்திரத்தை அவனிடம் கொண்டுபோவோம் என்று, 1965ல் கார் பேட்டரியில் ஓடும் ஒன்றைச் செய்தார். எடை 70 கிலோ. 1966ல் அதை ஆம்புலன்ஸில் ஏற்றி பெல்ஃபாஸ்ட் தெருக்களில் ஓட்டினார்கள். இன்று விமான நிலையச் சுவரில் மாட்டியிருக்கும் சிறு பெட்டிக்கு அதுதான் பாட்டன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர் இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் கைதியாகி, சயாம் மரண ரயில் பாதையில் உழைத்தவர். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த அதே பாதை.

எனக்கு இங்கிலீஷ் நல்லா வரும். ஆனா இவங்க பேசற இங்கிலீஷ் புரியவே இல்லையே?

வாய்விட்டுப் படியுங்கள், பாதி தீரும். மிச்சத்துக்குப் புத்தகத்தின் பின்னால் சொல்லகராதி இருக்கிறது. ‘வீ’ என்றால் சின்ன. ஆனால் பிரியத்துக்கும் சேர்த்துக்கொள்வார்கள், ஆறடி ஆளையும் வீ என்பார்கள். ‘ஈஜிட்’ என்றால் மடையன், திட்டும் செல்லமும் ஒன்றாக. ‘கிராண்ட்’ என்றால் பிரமாதம் இல்லை, ‘பரவாயில்லை, சரி’. வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் ‘ஸோ இட் இஸ்’ என்று ஒரு முத்தாய்ப்பு வைப்பது வடக்கத்தி வழக்கம். கார்க் பக்கத்து மிசஸ் கின்கெய்ட் வெறும் ‘ஸோ’வோடு நிறுத்துவார். கோவைக்காரரின் ‘ங்க’, நெல்லைக்காரரின் ‘லே’ மாதிரி, ஆள் எந்த ஊர் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் தமிழ் வாசகருக்கு லாபம். ஐரிஷ் மொழியில் ஆமாம், இல்லை என்பதற்குத் தனிச் சொல் கிடையாது. வினையையே திருப்பிச் சொல்வார்கள். அந்தப் பழக்கம் அவர்கள் ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொண்டது. ‘போனாயா?’ என்றால் ‘போனேன்’ என்றுதான் பதில், ‘யெஸ்’ வராது. நாமும் ‘சாப்பிட்டியா?’ என்றால் ‘சாப்பிட்டேன்’ என்கிறவர்கள்தானே. லண்டன்காரருக்கு விசித்திரமாகப் படுவது நமக்கு வீட்டுப் பேச்சு.

பேரெல்லாம் எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கு. எப்படிப் படிக்கிறது?

பி-க்குப் பக்கத்தில் எச் வந்தாலும், எம்-முக்குப் பக்கத்தில் எச் வந்தாலும் ‘வ’ ஒலி. எஸ்-க்குப் பக்கத்தில் இ அல்லது ஐ வந்தால் ‘ஷ’. இந்த இரண்டை வைத்துக்கொண்டே ஷிவான், நீவ், ஷான் மூன்று பெயரையும் பிடித்துவிடலாம். ஒரே ‘க’வை இடத்துக்கு இடம் வேறு மாதிரி ஒலிக்கிற நாம் இதற்கு அலுத்துக்கொள்ளக் கூடாது. ‘ஓ’ என்று ஆரம்பிக்கும் குடும்பப் பெயர் ‘இன்னாரின் பேரன் வழி’. ‘மக்’ என்றால் ‘மகன்’. ஆமாம், காதில் விழுவது போலவே. ஆனால் தற்செயல்தான், இதை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிடாதீர்கள்.

ஷில்லிங், பென்ஸ், கினி... கணக்கு தலை சுத்துது.

12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 21 ஷில்லிங் ஒரு கினி. அரை கிரவுன் என்றால் இரண்டரை ஷில்லிங். 1971 பிப்ரவரியில்தான் பவுண்டுக்கு நூறு பென்ஸ் ஆனது. அணாக் கணக்கு தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒருத்தரைப் பார்த்ததும் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட்னு எப்படித்தான் கண்டுபிடிக்கறாங்க? எல்லாரும் ஒரே மாதிரிதானே இருக்காங்க?

அதுதான் விஷயம். நிறம், உடை, எதிலும் வித்தியாசம் இல்லாததால் நுணுக்கமாகத் துப்புத் துலக்குவார்கள். பெயர் முதல் துப்பு: ஷேமஸ், பிரிஜிட் என்றால் ஒரு பக்கம், வில்லியம், சாமுவேல் என்றால் இன்னொரு பக்கம். படித்த பள்ளிக்கூடம் அடுத்த துப்பு. ‘அவன் எந்தக் காலால் உதைப்பான்?’ என்று கேட்பது மதம் விசாரிக்கும் மறைமொழி. இடது காலால் உதைப்பவர் கத்தோலிக்கர். மண்வெட்டியை எந்தக் காலால் மிதிப்பார்கள் என்பதிலிருந்து வந்த பேச்சு என்று விளக்கம் சொல்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது எழுத்துத் துப்பு. ஆங்கிலத்தின் எட்டாவது எழுத்தை ‘எய்ச்’ என்றால் புராட்டஸ்டண்ட், ‘ஹெய்ச்’ என்றால் கத்தோலிக்கர். ‘ஹெச்’ என்று சொல்லும் நம்மில் பாதிப் பேரை பெல்ஃபாஸ்டில் உடனே ஒரு பக்கம் சேர்த்துவிடுவார்கள். இதைத் தெரிந்துகொண்டு டாக்டரின் காத்திருக்கும் அறையை மறுபடி படித்துப் பாருங்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இருமுகிற இடம் ஊரிலேயே அது ஒன்றுதான். இரண்டு பக்கத்து வீட்டுக் கதவும் திறக்கிற ஒரே ஆளும் அவர்தான்.

டாக்டரே இப்படிக் குடிக்கிறாரே, அப்புறம் கார் வேற ஓட்டறார்?

அன்றைக்கு அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. ரத்தத்தில் இவ்வளவுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது என்று அளவு வைத்த சட்டமே பிரிட்டனில் 1967ல்தான் வந்தது. இந்தக் கதைகளில் பப் என்பது சாராயக்கடை என்பதை விட ஊர்ச் சாவடி. சண்டை, சமாதானம், குதிரைப் பந்தயம், கல்யாணப் பேச்சு எல்லாம் அங்கேதான். வட அயர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை பப் திறக்கலாம் என்று சட்டம் வந்தது 1987ல், அதையும் நினைவில் வையுங்கள். பின்கதவைத் தட்டுகிற காட்சி எங்காவது வந்தால் புரியும்.

இதே கதை எல்லைக்குத் தெற்கே நடந்திருந்தா என்ன வித்தியாசம் இருந்திருக்கும்?

நிறைய. டிக்கெட் கதையைத்தான் மேலே சொல்லிவிட்டேனே. அதற்கு மேல் கத்தோலிக்க சர்ச்சின் கை டாக்டரின் பைக்குள்ளேயே இருந்தது. 1948ல் டப்ளினில் சுகாதார அமைச்சரான நோயல் பிரவுன் காசநோய்க்குத் தாயையும் தந்தையையும் பறிகொடுத்தவர், அவரும் டாக்டர். காசநோய் ஆஸ்பத்திரிகளை வேகமாகக் கட்டினார். அப்புறம் தாய்மாருக்கும் 16 வயது வரை குழந்தைகளுக்கும் இலவச வைத்தியம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஆயர்கள் எதிர்த்தார்கள், டாக்டர்கள் சங்கமும் எதிர்த்தது. 1951 ஏப்ரலில் பதவி விலகினார்.

கருத்தடைச் சாதனம் விற்பதும் இறக்குமதி செய்வதும் தெற்கே 1935லிருந்து குற்றம். 1979ல்தான் சட்டம் கொஞ்சம் இளகியது. 1971 மே மாதம் ஒரு நாள், பெண்கள் கூட்டம் ஒன்று டப்ளினிலிருந்து ரயிலேறி பெல்ஃபாஸ்ட் போய், வேண்டியதை வாங்கிக்கொண்டு சுங்க அதிகாரிகள் கண்ணெதிரே ஆட்டிக் காட்டியபடி திரும்பி வந்தது. மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. என்ன செய்வது? ஆஸ்பிரின் வாங்கி, அதையே கருத்தடை மாத்திரை என்று காட்டினார்கள். பார்த்த அதிகாரிக்கு வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது! இந்த ஒரு நாளை வைத்து ஒரு முழு நாவல் எழுதலாம்.

ரொம்ப இனிப்பா இருக்கே? நிஜத்துல இவ்வளவு நல்லவங்களாவா இருந்தாங்க?

இருந்திருக்க மாட்டார்கள். வீடு ஒதுக்குவதிலும் வேலை கொடுப்பதிலும் கத்தோலிக்கருக்குப் பாரபட்சம் நடந்த நாடு அது; உள்ளாட்சித் தேர்தலில் வீட்டுக்காரர்களுக்குத்தான் ஓட்டு, அதிலும் வியாபாரிகளுக்குக் கூடுதல் ஓட்டு. கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களைக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் இல்லங்களிலும் சலவைக்கூடங்களிலும் அடைத்துவைத்த காலம். தெற்கே கடைசிச் சலவைக்கூடம் மூடியது 1996ல். அந்தப் பெண்களை அங்கே அனுப்பியவர்களில் பாதிரியார் உண்டு, அப்பா உண்டு, ஊர் டாக்டரும் உண்டு.

இந்த நாவல்களில் அப்படி ஒரு பெண்ணின் கஷ்டம் வந்தால் பெரியவர் ஏதாவது தில்லுமுல்லு செய்து காப்பாற்றிவிடுவார். வாசிக்கும்போது நிம்மதியாக இருக்கும், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் காப்பாற்றப்படாதவர்கள்தான் அதிகம் என்று ஒரு ஓரத்தில் உறுத்த வேண்டும். உறுத்தாவிட்டால் நாம் படித்தது பிஸ்கட் டப்பா மேல் போட்ட படம்தான்.

அப்ப ஆசிரியர் கலவரத்தைக் காட்டாம மறைக்கிறாரா?

மறைப்பது என்று சொல்ல மாட்டேன். வரிசையை 1964ல் ஆரம்பித்தது ஒரு முடிவு. முதலிலேயே சொன்ன மாதிரி, பின்னால் வரப்போவது நமக்குத் தெரியும். அந்தப் பாதியை நாம்தான் கொண்டுவர வேண்டும். ஜூலை 12 ஊர்வலம் கதையில் வந்தால் நிதானமாகப் படியுங்கள். 1690ல் பாய்ன் ஆற்றங்கரையில் புராட்டஸ்டண்ட் அரசர் வில்லியம் ஜெயித்ததை ஆரஞ்சு பட்டை போட்டுக்கொண்டு மேளதாளத்தோடு கொண்டாடும் நாள். கிராமத்துக் கதையில் அது திருவிழா போல இருக்கும். அதே மேளம் அதே வருடங்களில் வேறு தெருக்களில் கேட்டவர்களுக்கு எப்படி இருந்தது என்பது வேறு கதை.

எந்த வரிசைல படிக்கணும்?

வெளியான வரிசையில். கதைக் காலப்படி முன்னால் வரும் சில புத்தகங்கள், உதாரணமாக ஓ’ரைலி 1930களில் டப்ளினில் மருத்துவம் படித்த கதை, அவரைப் பெரியவராகப் பார்த்த பிறகு படித்தால்தான் இனிக்கும். முரட்டு ஆளின் இளமையை முன்பே தெரிந்துகொண்டால் ரோஜாச் செடிக் காட்சியின் திகைப்பு போய்விடும்.

நூறு பக்கம் ஆச்சு, கதை நகரவே மாட்டேங்குது. விட்டுடலாமா?

நகராது. ‘அடுத்து என்ன’ என்று ஓடினால் அலுக்கும். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், அதாவது ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வருவது, இதுதான் கணக்கு. என்னிடம் வாங்கிப் போன ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் ராத்திரி மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு அத்தியாயம் படித்தார். ஒரே புத்தகம், இரண்டு மாதம். அதுவும் பிடிக்கவில்லையா, தயங்காமல் விட்டுவிடுங்கள். புத்தகத்தை மட்டும் திருப்பிக் கொடுங்கள்.

பின்னாடி சமையல் குறிப்பு இருக்கே, சோடா ரொட்டியை நம்ம வீட்ல செய்ய முடியுமா?

முடியும், ஈஸ்ட் வேண்டாம். மாவு, உப்பு, ஆப்பசோடா, புளித்த மோர். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து பொங்குவதுதான் ரொட்டியை எழுப்புகிறது. அயர்லாந்தில் விளையும் கோதுமை மென்மையானது, ஈஸ்டுக்கு லாயக்கில்லை. அதனால்தான் 19ம் நூற்றாண்டில் சோடா வந்ததும் வீட்டுக்கு வீடு பிடித்துக்கொண்டார்கள். முதல் தடவை நான் சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்தேன். செங்கல். பிசையவே கூடாது; கையால் நாலு தடவை திரட்டி, தட்டி, மேலே கத்தியால் சிலுவைக் குறி ஆழமாகக் கீறி உடனே ‘ஓவன்’ அடுப்பில் வைக்க வேண்டும்.

ஓவன் இல்லாவிட்டால் கனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, மூடிபோட்டுச் சுடலாம், முக்கால் மணி நேரம் ஆகும். வெந்ததா என்று பார்க்க ரொட்டியைத் திருப்பி அடியில் விரலால் தட்டுங்கள். நுரையீரல் மாதிரி டொக் டொக் என்று கேட்டால் எடுத்துவிடலாம். மந்தமாகக் கேட்டால் உள்ளே இன்னும் ஈரம், பத்து நிமிடம் விடுங்கள்.